12 மி.மீ. பிஸ்டன் பொருந்தாததற்கு லேத்தை மாற்ற வேண்டுமா?

புதுச்சேரி லாசுப்பேட்டையில் மாடி வீட்டில் ஒரு சின்ன லேத்தை (கடைசல் இயந்திரம்) வைத்துக்கொண்டு, 12 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்துளை விட்டம்), 20 மி.மீ. ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் நகரும் தூரம்) ஆசிலேட்டிங் நீராவி இன்ஜின் (சிலிண்டரே பிவட் என்கிற அச்சாணியில் இருபுறமும் சாய்ந்தாடும் வகை) செய்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பிஸ்டன் ஒன்று இறுகிக்கொள்கிறது, இல்லாவிட்டால் காற்று கசிகிறது. சக்கில் (வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றும் பகுதி) 0.08 மி.மீ. ரன்-அவுட் (சுற்றும்போது மையம் விலகி ஆடுவது). பக்கத்துப் பட்டறைக்காரர் "இது பொம்மை லேத் சார், இதுல நூறுல ஒரு மில்லி வராது" என்று சொல்லிவிட்டார். இதை விற்றுவிட்டுப் பெரியதாக வாங்குவதா, தட்டாஞ்சாவடி பக்கம் யாரிடமாவது கொடுத்து சி.என்.சி.யில் கடைந்து வாங்கிவிடுவதா என்று கேட்கிறீர்கள். உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: அளவை நம்ப முடியாத லேத்தில் இரண்டு பாகங்களை ஒன்றுக்கொன்று பொருந்த வைக்க முடியுமா? முடியும். எதை முதலில் செய்வது, எதைச் சக்கிலிருந்து கழற்றாமல் செய்வது என்கிற வரிசைதான் அதில் பாதி வேலை. அந்த வரிசை தப்பினால் இரண்டு லட்ச ரூபாய் லேத்திலும் இதே கசிவுதான்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். கடலூர் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் மராமத்துப் பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். பம்ப் ஷாஃப்ட், கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ், வால்வு ஸ்பிண்டில் எல்லாம் கடைந்த கை. மாடல் இன்ஜின், ஓய்வுக்குப் பிறகு பிடித்த கிறுக்கு. கடைசல் பற்றி நான் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம். பாய்லர் வடிவமைப்பு என் தொழில் இல்லை. அதைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுவேன். உங்கள் இன்ஜினை நான் கையில் எடுத்துப் பார்க்கவுமில்லை, ஆகவே கசிவுக்கான காரணம் என்று நான் சொல்வதில் ஒரு பங்கு ஊகம்.

சக்கின் 0.08 ரன்-அவுட் காரணம் இல்லை. இதில் ஊகம் கிடையாது. த்ரீ-ஜா (மூன்று தாடை) சக் என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கம்பி கோணலாகச் சுற்றினாலும், டூல் தொட்டுச் சீவிய பகுதி லேத்தின் அச்சுக்கு நேராகவே இருக்கும். கழற்றி மறுபடி பிடிக்கும்போதுதான் ரன்-அவுட் தன் வேலையைக் காட்டும். ஆகவே பிஸ்டனின் வெளிவட்டம், எண்ணெய்க் காடி, ராடுக்கான துளை, அதன் மரை எல்லாவற்றையும் ஒரே பிடியில் முடித்துவிட்டு, கடைசியாகப் பார்ட்டிங் டூலால் அறுத்து எடுங்கள். திருப்பிப் பிடித்தே ஆகவேண்டும் என்றால் ஃபோர்-ஜா (தாடைகளைத் தனித்தனியே நகர்த்தக்கூடிய) சக்கும் டயல் கேஜும் (சின்ன விலகலையும் முள்ளில் காட்டும் கருவி) போதும். அதுவும் இல்லையா, ஒரு பித்தளைத் துண்டைச் சக்கில் பிடித்து, வேலைத்துண்டின் அளவுக்கு அங்கேயே போர் செய்து, எந்த ஜாவுக்கு நேரே இருந்தது என்று குறியிட்டு, ஒரு பக்கம் ரம்பத்தால் பிளந்துவிடுங்கள். அந்தப் பிளந்த புஷ்ஷை அதே குறிக்கு நேராக வைத்துப் பிடித்தால் ரன்-அவுட் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அடுத்து, கசிவது பிஸ்டன்தானா என்று பாருங்கள். நீங்கள் அப்படி நினைக்கிறீர்கள், எனக்குச் சந்தேகம். சிலிண்டரை ஃப்ரேமிலிருந்து கழற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, போர்ட் துளையை (காற்றோ நீராவியோ போய்வரும் துளை) விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை வெளியே இழுத்து விடுங்கள். உள்ளே திரும்ப இழுத்துக்கொண்டால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முழுக்க வெளியே இழுத்தால் 'டப்' என்று சத்தம் வர வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய சிலிண்டர் ஃப்ரேமில் மாட்டியதும் கசிந்தால், குற்றவாளி போர்ட் முகம், அதாவது ஃப்ரேமோடு உரசும் தட்டையான பக்கம். முகத்தைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவி மெல்லக் காற்று கொடுத்தால் குமிழ் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும். ஆசிலேட்டிங் இன்ஜின்களில் நான் பார்த்த கசிவு பெரும்பாலும் இந்த முகத்தில்தான்.

பிஸ்டனிலேயே குறை என்றால், சிலிண்டரை முதலில் முடியுங்கள், பிஸ்டனை அதற்குப் பிறகு தொடுங்கள். வெளிவட்டத்தை உங்கள் இஷ்டத்துக்குத் துளித் துளியாகக் குறைக்கலாம். போரை அப்படிக் கூட்டிக் குறைக்க முடியாது. 12 மி.மீ. போருக்குச் சென்டர் ட்ரில், பிறகு 11 அல்லது 11.5 மி.மீ. ட்ரில், பிறகு போரிங் டூலால் 11.8 வரை, கடைசியில் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவி முடிக்கும் கருவி). போரிங்கை விட்டுவிட்டு ட்ரில்லுக்குப் பின் நேரே ரீமர் விடுவதுதான் பலர் செய்வது. ரீமர், இருக்கிற துளையின் வழியே போகும். ட்ரில் கோணலாகப் போயிருந்தால் ரீமரும் அதே கோணலில் பளபளப்பாகப் போய்விடும். ரீமரை மெதுவான சுற்றில் விடுங்கள், வெளியே எடுக்கும்போதும் எதிர்ப்பக்கம் சுற்றாதீர்கள். 12 மி.மீ. ஹெச்7 (துளை அளவு எவ்வளவு கூடலாம் என்பதற்கான தரக்குறி) துளை 12.000-இலிருந்து 12.018 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அது சரியாக எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இந்த முறையின் சௌகரியம்.

பிஸ்டனுக்கு அளவுகோல் அந்தச் சிலிண்டரேதான். பிஸ்டன் நீளம் குறைந்தது அதன் விட்டம் அளவுக்கு இருக்கட்டும், ஒன்றரை மடங்கு என்றால் இன்னும் நல்லது. 12.05 வரை கடைந்தபின் லேத்தை நிறுத்தி, கை சூடு போகும்வரை விடுங்கள். 12 மி.மீ. பித்தளை 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.007 மி.மீ. பெருக்கும், சூட்டோடு பொருத்திப் பார்த்தது ஆறியபின் லூஸ் ஆவதற்கு இது ஒரு காரணம். அப்புறம் ஒரு பழைய தந்திரம்: காம்பவுண்ட் ஸ்லைடை (டூலைத் தாங்கும், கோணம் திருப்பக்கூடிய மேல் பகுதி) லேத்தின் அச்சிலிருந்து ஐந்தே முக்கால் டிகிரிக்குத் திருப்பி வைத்தால், அதன் டயலில் 0.1 மி.மீ. நகர்த்தும்போது டூல் குறுக்கே 0.01 மி.மீ.தான் உள்ளே போகும், அதாவது விட்டத்தில் 0.02. உங்கள் 'பொம்மை லேத்'தில் நூறில் ஒரு மில்லி இப்படித்தான் வரும். கடைசி 0.02-ஐ டூலால் எடுக்காதீர்கள். தட்டை அரத்தின் மேல் 800 அல்லது 1000 எண் எமரித் தாளை ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, சுற்றும் பிஸ்டனில் மெல்ல ஓட்டி, லேத்தை நிறுத்தி, சக்கில் இருக்கும்போதே சிலிண்டரைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். நுனி மட்டும் ஏறும், பிறகு பாதி, பிறகு முழுதும். எமரியை விரலில் சுற்றிக்கொண்டு எந்தக் காலத்திலும் பிடிக்காதீர்கள். மாட்டினால் விரலோடு போகும். பெட் (லேத்தின் அடித்தளம்) மேல் காகிதம் விரித்து வையுங்கள், எமரித் தூள் கிப் (நகரும் பாகங்களின் தளர்ச்சியைச் சரிசெய்யும் பட்டை) இடுக்கில் புகுந்தால் லேத் தேயும். ஒவ்வொரு முறை சிலிண்டரை மாட்டும் முன்னும் பிஸ்டனை மண்ணெண்ணெயில் துடைத்துவிடுங்கள்.

வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுப் பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்துத் தேய்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். பித்தளையில் வேண்டாம். அந்தக் கரகரப்புத் துகள் மெத்தென்ற உலோகத்தில் பதிந்துகொண்டு, இன்ஜின் ஓடுகிற காலமெல்லாம் அரித்துக்கொண்டே இருக்கும். பிராஸோ போன்ற மெருகுப் பசை போதும், அதையும் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

இனி போர்ட் முகம். இங்கேயும் அதே ஒரே பிடி. சிலிண்டரை ஃபோர்-ஜா சக்கில், போர்ட் முகம் வெளியே பார்க்கும்படி பிடியுங்கள். போருக்குள் இறுக்கமாக ஒரு 12 மி.மீ. கம்பியைச் செருகி, அதன் இரண்டு முனையும் டயல் கேஜில் ஒரே அளவு காட்டும்வரை திருத்துங்கள். பிறகு முகத்தை ஃபேசிங் செய்து (தட்டையாகச் சீவி), கழற்றாமலே பிவட் துளையைப் போட்டு, டேப்பை (உள்மரை வெட்டும் கருவி) டெயில்ஸ்டாக்கில் (சக்குக்கு எதிர்முனைத் தாங்கி) தாங்கவிட்டு மரை வெட்டுங்கள். முகமும் பிவட்டும் செங்குத்தாக அமைவது இப்போது உங்கள் கண்ணையோ பெஞ்ச் ட்ரில்லையோ நம்பி இல்லை. பெஞ்ச் ட்ரில்லில் தனியாகப் போட்ட பிவட் துளை அரை டிகிரி சாய்ந்தாலும் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கினாலும் முகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். பிவட்டைச் சுற்றி நடுப்பகுதியை ஒரு கால் மி.மீ. குழித்துவிட்டால், போர்ட் இருக்கும் வெளிப்பகுதி மட்டும் உரசும், சீக்கிரம் படியும். கடைசியாக, கண்ணாடிப் பலகை மேல் 600, பிறகு 1000 எண் தண்ணீர் எமரியை ஒட்டி, முகத்தில் மார்க்கர் பேனாவால் கோடு கிழித்து, எண்ணெய் விட்டு எட்டுப் போடுவதுபோல் தேய்த்துப் பாருங்கள். கோடு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அழிய வேண்டும். இன்னொன்று: 20 மி.மீ. சதுரக் கம்பியில் 12 மி.மீ. போர் போட்டால் சுவர் 4 மி.மீ.தான். பிவட் துளை அதைத் தாண்டிப் போருக்குள் எட்டிப் பார்க்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் கசிவு அங்கேயும் இருக்கலாம்.

ஃப்ரேமில் போர்ட் துளைகளின் இடம், இந்த இன்ஜினில் உண்மையிலேயே துல்லியம் கேட்கிற ஒரே இடம். உங்கள் அளவுகளையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்ட்ரோக் 20 என்றால் கிராங்க் 10 மி.மீ. பிவட்டிலிருந்து கிராங்க் ஷாஃப்ட் மையம் 45 மி.மீ. என்று எழுதியிருந்தீர்கள். சிலிண்டர் ஒரு பக்கம் சாயும் அதிகபட்சக் கோணத்தின் சைன் 10-ஐ 45-ஆல் வகுத்தது, அதாவது 0.222, கோணம் ஏறத்தாழ 12.8 டிகிரி. போர்ட் துளை பிவட்டிலிருந்து 12 மி.மீ. தள்ளி இருந்தால், அது மையக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 12 பெருக்கல் 0.222, அதாவது 2.67 மி.மீ. நகரும். ஃப்ரேமின் இரண்டு துளைகளும் (ஒன்று காற்று வர, மற்றது போக) மையக்கோட்டின் இருபுறமும் அந்த 2.67-இல் இருக்க வேண்டும். துளையின் விட்டம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, 2.5. அப்போது பிஸ்டன் கோடியில் நிற்கும் நேரத்தில் சிலிண்டர் துளைக்கும் ஃப்ரேம் துளைக்கும் நடுவே 0.17 மி.மீ. மூடிய இடம் மிச்சம். நீங்கள் 3 மி.மீ. ட்ரில் போட்டிருந்தால் அந்த இடமே இல்லை. உள்ளே வரும் காற்று நேராக வெளியே போகும், பிஸ்டனும் முகமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இன்ஜின் முக்கும், ஓடாது. உங்கள் கேள்வியில் துளை அளவு இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

0.17 மி.மீ. இடத்தைப் பஞ்ச் வைத்துக் குறியிட்டுப் பிடிக்க முடியாது. ஒரு ஜிக் (ட்ரில்லுக்கு இடம் காட்டும் அச்சு) செய்யுங்கள். 3 மி.மீ. தடிமனில் ஒரு இரும்புப் பட்டை. அதில் மூன்று துளை, மூன்றும் ஒரே நேர்கோட்டில்: நடுவில் பிவட்டுக்கு, ஒரு பக்கம் 12 மி.மீ. தள்ளி போர்ட்டுக்கு, மறுபக்கம் 43.9 மி.மீ. தள்ளி கிராங்க் பின்னுக்கு. பட்டையை ஃப்ரேமின் பிவட் துளையில் ஒரு பின் போட்டு மாட்டி, கிராங்க் பின்னைக் கடைசித் துளையில் நுழைத்தால், கிராங்க் தானாகவே அதிகபட்சச் சாய்வில் போய் நிற்கும். அங்கே போர்ட் துளை வழியாக ட்ரில் விடுங்கள். கிராங்க்கை மறுபக்கம் திருப்பி இன்னொன்று. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்த 43.9 அரை மி.மீ. தவறினாலும் சாய்வுக் கோணம் நூறில் ஒரு டிகிரி அளவுக்குத்தான் மாறும், ஏனென்றால் அந்த இடத்தில் சிலிண்டர் திரும்பும் கோடியில் நிற்கிறது. கவனம் வேண்டியது அந்த 12-க்கு; சிலிண்டரின் போர்ட்டையும் இதே பட்டையை வைத்துத் துளைத்துவிட்டால் அதுவும் பொருந்திவிடும்.

உலோகம் பற்றிச் சுருக்கமாக. காயலான் கடையில் எடுத்த பித்தளை என்ன கலவை என்று யாரும் சொல்ல முடியாது. கடையும்போது சீவல் ஊசி ஊசியாகத் தெறித்தால் ஈயம் கலந்த, கடைசலுக்கான பித்தளை. சுருள் சுருளாக நீண்டு வந்தால் வேறு. கடலூர் ஓ.டி. துறைமுகத்துப் பக்கம் படகு வேலை பார்க்கும் லேத் பட்டறைகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் புஷ் கன்மெட்டலில் கடைவார்கள். மிச்சத் துண்டு கேட்டால் எடைக்குப் போட்டுக் கொடுப்பார்கள், சிலிண்டருக்கு அருமையான சரக்கு. பித்தளைக்கு ட்ரில்லின் வெட்டும் விளிம்பை ஆயில்ஸ்டோனில் இரண்டு இழுப்பு இழுத்து நேராக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் துளை மறுபக்கம் திறக்கும் நேரத்தில் ட்ரில் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கார்பைடு இன்சர்ட்டின் விளிம்பு மழுங்கியது. உங்கள் லேத்துக்கு ஹெச்.எஸ்.எஸ். (ஹை-ஸ்பீட் ஸ்டீல்) பிட்டை நீங்களே தீட்டி வைத்துக்கொள்வது மேல். பிஸ்டன் ராடைக் கடையவே வேண்டாம்: கிரவுண்டு கம்பியாக 3 மி.மீ. வாங்கி மரை மட்டும் வெட்டுங்கள். கிராங்க் ஷாஃப்டுக்குப் பழைய பிரின்டரின் கைடு ராடு போதும், காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பழைய பிரின்டர் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

நீங்கள் இறக்கிய வரைபடத்தில் 6 பி.ஏ., 8 பி.ஏ. என்று இருப்பது பழைய பிரிட்டிஷ் மரை. 6 பி.ஏ. 2.8 மி.மீ., 8 பி.ஏ. 2.2 மி.மீ. அந்த டேப்பைத் தேடி அலையாமல் எம்3, எம்2 போடுங்கள்; துளை முறையே 2.5, 1.6. ஒரே பாகத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பொதுவான தலைவலி உப்புக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் இரவு துடைக்காமல் விட்ட பெட் காலையில் செம்பட்டை பிடித்திருக்கும். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணிதான் நல்லது. தொட்ட விரல் ரேகையே துருவாகும், ஆகவே முடித்த இரும்புப் பாகங்களை எண்ணெயில் போட்டு வையுங்கள்.

பாய்லர். இன்ஜினைச் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரில் ஓட்டிப் பாருங்கள். நன்றாக அமைந்தது வாயால் ஊதினாலே சுற்றும். பாய்லரை நீங்களே செய்யும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிப் போடச் சொல்வேன். இப்போதைய பாய்லர் சட்டத்தில் 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லர் வராது. அதனால் உங்கள் அரை லிட்டரைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். சோதிக்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை இவ்வளவே: ஈயப் பற்று கூடாது, அது 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், அடுப்பில் தண்ணீர் வற்றினால் அந்தச் சூடு நொடியில் வந்துவிடும். வெள்ளிப் பற்றுத்தான் வேண்டும். பாய்லரில் புஷ்ஷுக்குப் பித்தளை வேண்டாம், அதிலுள்ள துத்தநாகம் காலப்போக்கில் கரைந்து போகும், கன்மெட்டல் போடுங்கள். முதல் சோதனை, ஓட்டப் போகும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கில், தண்ணீர் நிரப்பி. காற்றால் ஒருபோதும் இல்லை. தகட்டின் தடிமன், ஸ்டே (தகடுகளை இழுத்துத் தாங்கும் கம்பி) எத்தனை என்பதெல்லாம் அந்த வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

சி.என்.சி.யில் கொடுப்பது பற்றி: சிலிண்டரையும் பிஸ்டனையும் வெளியே கொடுத்தால் இரண்டும் தனித்தனி அளவில் அழகாக வரும், பொருந்துவதற்கு மறுபடி நீங்கள்தான் உட்கார வேண்டும். ஃப்ளைவீல் கொடுக்கலாம், 75 மி.மீ. வார்ப்பிரும்பை உங்கள் லேத் கடைவதற்குள் ஒரு நாள் போய்விடும், தூசியும் வீடெல்லாம் பரவும். தட்டாஞ்சாவடியிலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ சின்ன வேலை எடுத்துச் செய்யும் பட்டறையில், துளையையும் விளிம்பையும் ஒரே பிடியில் கடையச் சொல்லி வாங்குங்கள். லேத்தை விற்க வேண்டாம். ஃப்ரேமில் போட்ட துளையின் விட்டம், அவற்றின் மையத் தூரம், போர்ட் முகத்தின் கிட்டத்துப் படம் மூன்றையும் இங்கேயே போடுங்கள். மீதியை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.